ஓரிகனின் ஹார்னி கவுண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் இருக்கிறது ஹார்னி கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ ஆராய்ச்சி நிலையத்திலோ வேலை கிடைத்து, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களும், பறவை பார்க்கவோ பாலைவனத்தில் கூடாரம் போடவோ கிளம்புகிறவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் விடை கடைசியில் தூரத்தில்தான் போய் நிற்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு பெரிய இடம், எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஓரிகனில் 36 கவுண்டிகள், அவற்றில் பரப்பளவில் மிகப் பெரியது இதுதான். 10,000 சதுர மைலுக்குச் சற்று மேல், அதாவது 26,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நியூ ஜெர்சி, வெர்மான்ட் போன்ற ஆறு மாநிலங்கள் ஒவ்வொன்றும் இதைவிடச் சிறியவை. 2020 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 7,495 பேர். சதுர மைலுக்கு ஒரு ஆள்கூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் பர்ன்ஸ், ஹைன்ஸ் என்று ஒட்டியொட்டி இருக்கும் இரண்டு ஊர்களில்தான். பர்ன்ஸ்தான் தலைநகர், அங்கே சுமார் 2,700 பேர், ஹைன்ஸில் சுமார் 1,600 பேர். மற்றவர்கள் கிரேன், டைமண்ட், ட்ரூசி, ஃபிரெஞ்ச்கிளன், ஃபீல்ட்ஸ் என்று வரைபடத்தில் ஊர்போலத் தெரிகிற, நேரில் போனால் ஒரு கடையும் ஒரு பள்ளியும் நாலு வீடும் இருக்கிற இடங்களிலும், அவற்றுக்கு நடுவே உள்ள மாட்டுப் பண்ணைகளிலும் இருக்கிறார்கள். பர்ன்ஸிலிருந்து ஃபீல்ட்ஸுக்கு 110 மைல் போல வரும். அங்கே போய்ச் சேர்ந்தும் நீங்கள் இதே கவுண்டியில்தான் இருப்பீர்கள்.

கவுண்டி அலுவலகத்தில் எதற்கெல்லாம் போக வேண்டும்?

மாநில அரசுக்குக் கீழே அன்றாடம் கண்ணில் படுகிற அரசு கவுண்டிதான். நிலப் பத்திரம் பதிய, கல்யாண உரிமம் வாங்க, வாக்காளராகப் பதிய எல்லாம் கவுண்டி கிளார்க். சொத்து மதிப்பைக் கணக்கிடுபவர் அசெஸர். காவலும் சிறையும் ஷெரிஃப் கையில். இவர்கள் எல்லோருமே தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள், ஷெரிஃப் உட்பட. நம் ஊர்ப் போலீஸ் மாதிரி மேலிருந்து மாற்றல் ஆகி வருகிற ஆள் கிடையாது, அடுத்த தேர்தலில் உங்கள் ஓட்டைக் கேட்டு வரப்போகிறவர். கவுண்டியை நடத்துவது ஒரு ‘கவுண்டி ஜட்ஜ்’, இரண்டு கமிஷனர்கள். கிழக்கு ஓரிகனில் மட்டும் சில கவுண்டிகளில் மிஞ்சியிருக்கும் பழைய ஏற்பாடு இது. ஜட்ஜ் என்ற பெயரைப் பார்த்து வழக்கு நடத்தப் போய்விடாதீர்கள், அவருடைய வேலை பெரும்பாலும் நிர்வாகம். கிரிமினல், சிவில் வழக்குகளுக்கு மாநிலத்தின் சர்க்யூட் கோர்ட் தனியாக இருக்கிறது.

ஓட்டுநர் உரிமம் மாநில அரசின் சமாசாரம். பர்ன்ஸில் அதற்கு அலுவலகம் இருக்கிறது, ஆனால் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஓட்டுப் போட எங்கேயும் போக வேண்டியதில்லை. 1998-ல் ஓரிகன் மக்கள் வாக்களித்து, தேர்தலையே தபாலுக்கு மாற்றிவிட்டார்கள், வாக்குச் சீட்டு வீட்டுக்கே வரும். அறுபது மைல் தள்ளி இருக்கிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

வரி எப்படி?

ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. விலைச் சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதும். அதற்குப் பதிலாக மாநில வருமான வரி நன்றாகவே கடிக்கும். சொத்து வரிக்கு 1990-லும் 1997-லும் மக்கள் ஓட்டுப் போட்டுக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள், வரிக்கான மதிப்பு பொதுவாக ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீட்டுக்காரருக்கு நிம்மதி, கவுண்டியின் கஜானாவுக்குத் தலைவலி. தலைவலிக்கு இன்னொரு பெரிய காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

நிலமெல்லாம் மத்திய அரசுக்குச் சொந்தம் என்கிறார்களே, உண்மையா?

எல்லாமும் இல்லை, சுமார் நான்கில் மூன்று பங்கு. அதில் பெரும்பகுதி பி.எல்.எம். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிற நில மேலாண்மைத் துறையிடம் இருக்கிறது. வடக்கே மல்ஹியூர் தேசியக் காடு, நடுவில் மல்ஹியூர் பறவைச் சரணாலயம். அரசு நிலத்துக்குக் கவுண்டி வரி போட முடியாது. அதை ஈடுகட்ட 1976-ல் ஒரு சட்டம் வந்தது, வரிக்குப் பதிலாக மத்திய அரசு ஆண்டுதோறும் ஒரு தொகை தரும். தொகை எவ்வளவு என்பதை வாஷிங்டனில் இருக்கிறவர்கள் முடிவு செய்வார்கள், இங்கே பட்ஜெட் போடுகிறவர் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்.

மாடு வளர்ப்பவருக்கு இந்த நிலம் வெறும் வேடிக்கைப் பொருள் இல்லை. குளிர்காலத்துக்கான புல்லைச் சொந்த நிலத்தில் அறுத்து உலர்த்தி வைத்துக்கொண்டு, வசந்தத்திலும் கோடையிலும் மாட்டை அரசு நிலத்தில் மேய விடுவதுதான் இங்கே பல பண்ணைகளின் வழக்கம். 1934-ன் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்த பிறகு அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2025-ல் கட்டணம் 1.35 டாலர், விதிப்படி அதற்குக் கீழே போகவும் முடியாது. இது கொள்ளை மலிவு என்று நகரத்துச் சுற்றுச்சூழல்காரர்கள் சொல்வார்கள். வேலி, தண்ணீர்த் தொட்டி, எந்த மாதம் எந்தப் பக்கம் மேய விடலாம் என்ற கட்டுப்பாடு, இதையெல்லாம் சேர்த்தால் மலிவே இல்லை என்று பண்ணைக்காரர் சொல்வார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை ஒரு பண்ணைக்காரரின் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினால் விஷயம் வேறாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

2016-ல் துப்பாக்கியோடு வந்து சரணாலயத்தைப் பிடித்துக்கொண்டார்களே, அது இந்த ஊர்தானா?

ஆமாம். ஊர்க்காரர்கள் அலுத்துப்போன கேள்வியும் இதுதான். இங்கே பண்ணை வைத்திருந்த ஹாமண்ட் என்ற அப்பா-மகன் இருவர், தாங்கள் மூட்டிய தீ அரசு நிலத்துக்குப் பரவிய வழக்கில் தண்டனையை அனுபவித்து வெளியே வந்துவிட்டார்கள். அது சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தண்டனைக்குப் போதாது என்று சொல்லி, மறுபடி உள்ளே போகும்படி ஐந்தாண்டு தீர்ப்பு வந்தது. ஊரில் பலருக்கு இதில் உண்மையாகவே கோபம். அந்தக் கோபத்தின் மேல் ஏறிக்கொண்டு வெளிமாநிலங்களிலிருந்து அம்மன் பண்டி என்பவரின் தலைமையில் ஆட்கள் வந்து, 2016 ஜனவரி 2 அன்று சரணாலயத்தின் அலுவலகக் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். 41 நாள் நீடித்தது. ஜனவரி 26 அன்று நெடுஞ்சாலையில் மடக்கியபோது லவாய் ஃபினிக்கம் என்பவரை மாநிலப் போலீஸ் சுட்டதில் அவர் இறந்தார். பிப்ரவரி 11 அன்று கடைசி ஆட்கள் வெளியே வந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் பண்டியையும் அவரோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஆறு பேரையும் ஜூரி விடுவித்தது. ஹாமண்டுகளுக்கு 2018-ல் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார்.

டிவியில் வராத பகுதி ஒன்று உண்டு. அந்தச் சரணாலயத்துக்கான நீண்டகாலத் திட்டத்தைப் பண்ணைக்காரர்களும் சரணாலய அதிகாரிகளும் பையூட் பழங்குடியினரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வருஷக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி, 2013-ல்தான் முடித்திருந்தார்கள். வழக்கு வாய்தா இல்லாமல் அப்படி ஒன்று முடிவது மேற்கு மாநிலங்களில் அபூர்வம். வந்தவர்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. ஊர் இரண்டுபட்டது என்னவோ உண்மை. பர்ன்ஸ் போய் காபிக்கடையில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், அவர்கள் எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசியல் என்று எடுத்துக்கொண்டால் குடியரசுக் கட்சிதான், அதில் சந்தேகமே வேண்டாம். கிழக்கு ஓரிகனைப் பக்கத்து மாநிலமான ஐடஹோவோடு சேர்க்க வேண்டும் என்ற இயக்கம் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 2021-ல் இந்தக் கவுண்டியும் ஆதரவாக ஓட்டுப் போட்டது. மாநிலத்தின் மேற்குப் பக்க நகரங்கள் தங்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது.

பழங்குடியினர் இப்போதும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பர்ன்ஸ் பையூட் மக்களின் நிலம் பர்ன்ஸ் ஊரை ஒட்டியே வடக்கில் இருக்கிறது, அவர்களுக்குத் தனி நிர்வாகமும் மருத்துவ நிலையமும் உண்டு. 1872-ல் ஜனாதிபதி கிராண்ட் இவர்களுக்கென்று மிகப் பெரிய ஒதுக்கீட்டு நிலத்தை அறிவித்தார். 1878-ல், பானக் பழங்குடியினருக்கும் ராணுவத்துக்கும் நடந்த பானக் போர் முடிந்ததும், 1879 ஜனவரிக் குளிரில், போரில் கலந்துகொள்ளாதவர்களையும் சேர்த்து வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் யாக்கிமா வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒதுக்கிய நிலம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. திரும்பி வந்தவர்களின் சந்ததிக்கு மறுபடி ஒதுக்கீட்டு நிலம் கிடைத்தது 1972-ல். சரணாலயத்தைப் பிடித்தவர்கள் ‘நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடு’ என்று கோஷம் போட்டபோது பையூட் மக்கள் எரிச்சலடைந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

உடம்புக்கு முடியவில்லை என்றால்?

பர்ன்ஸில் ஹார்னி மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. ‘கிரிட்டிக்கல் ஆக்சஸ்’ என்ற வகை, 25 படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்கு ஈடாக, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிடமிருந்து செலவுக்கு ஏற்ப பணம் வரும். இந்த வகை 1997-ல் வந்திருக்காவிட்டால் அமெரிக்கக் கிராமங்களில் பல ஆஸ்பத்திரிகள் எப்போதோ மூடியிருக்கும். காய்ச்சல், தையல், எலும்பு முறிவு, அவசர சிகிச்சை எல்லாம் இங்கே ஆகும். இதய அறுவை, மூளை அடி என்று பெரிதாகப் போனால் பெண்ட் நகரத்துக்கோ ஐடஹோவின் பாய்ஸிக்கோ விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். பெண்ட் 130 மைல், பாய்ஸி 185 மைல் போல. விமான ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் வருடச் சந்தா விற்கின்றன, இங்கே பலர் அதை வாங்கி வைத்திருப்பார்கள். 2022-லிருந்து, காப்பீடு இருப்பவருக்கு விமான ஆம்புலன்ஸ்காரர் திடீரென்று பெரிய பில் அனுப்ப முடியாதபடி சட்டம் வந்துவிட்டது. தரையில் போகிற ஆம்புலன்ஸுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, விசித்திரம்தான்.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் வந்து படித்தவர்கள், முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் போய் இருக்க வேண்டும். அதைத் தவிர்க்க வேண்டுமானால், டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருஷம் வேலை செய்யலாம் என்ற ஏற்பாடு 1994-லிருந்து இருக்கிறது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடம். இந்திய டாக்டர்கள் அமெரிக்காவின் சின்னஞ்சிறு ஊர்களில் வந்து சேர்வதற்கு முக்கியமான வழி இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், முடிந்தால் ஜனவரியில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஜூனில் எந்த ஊரும் அழகுதான்.

பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்?

ஊருக்குள் இருந்தால் சிக்கலில்லை. பர்ன்ஸ், ஹைன்ஸ் இரண்டுக்கும் சேர்த்து ஆரம்பப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி இருக்கின்றன. வெளியே பண்ணையில் இருந்தால்தான் கதை சுவாரசியமாகிறது. டைமண்ட், ஃபிரெஞ்ச்கிளன், ட்ரூசி, டபுள் ஓ மாதிரி இடங்களில் ஒன்றிரண்டு ஆசிரியர்களோடு நடக்கும் சிறு பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரை. ஒரே அறையில் ஐந்து வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.

அதற்குமேல் கிரேன் உயர்நிலைப் பள்ளி. அரசுப் பள்ளி, ஆனால் விடுதியோடு. அமெரிக்காவில் இப்படி இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பஸ் விட்டால் தினமும் நூறு நூற்றைம்பது மைல் போய் வர வேண்டியிருக்கும், அதனால் பிள்ளைகள் வார ஆரம்பத்தில் வந்து விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, வாரம் நான்கு நாள் பள்ளி முடிந்ததும் பண்ணைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பதினான்கு வயதில் பிள்ளையை விட்டுப் பிரிவது அம்மாக்களுக்குக் கஷ்டம்தான். மறுபுறம், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்ததும் கன்றுக்குச் சூடு போடவும் வேலி கட்டவும் கைகொடுக்க ஆள் கிடைக்கிறது. பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு எதிர் அணி ஊருக்குப் போய் வருவதே ஒரு நாள் பயணம். கல்லூரி என்றால், ஒன்டாரியோவில் இருக்கும் ட்ரெஷர் வேலி சமுதாயக் கல்லூரிக்குப் பர்ன்ஸில் கிளை உண்டு. கனடாவின் ஒன்டாரியோ இல்லை, இதே ஓரிகனின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஊர், அதுவும் 130 மைல்.

கடை, பெட்ரோல், விமானம்?

பர்ன்ஸில் ஒரு சேஃப்வே சூப்பர் மார்க்கெட், ஆணி முதல் மாட்டு மருந்து வரை விற்கும் கடைகள், சில உணவகங்கள். காஸ்ட்கோவுக்குப் பெண்ட், இந்தியச் சாமானுக்குப் பாய்ஸி. மாதம் ஒரு முறை ஐஸ் பெட்டியோடு போய் வருவது எல்லோருக்கும் பழக்கம். புளி, பருப்பு, மிளகாய்த்தூள் தபாலில் வந்துவிடும், கறிவேப்பிலைக்குத்தான் வழியில்லை. வீட்டுக்குள் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள், ஜன்னல் ஓரக் குளிரில் அது படும் பாட்டுக்கு நான் பொறுப்பில்லை. பயணிகள் விமானம் பர்ன்ஸுக்குக் கிடையாது, ரெட்மண்டுக்கோ பாய்ஸிக்கோ போக வேண்டும்.

பெட்ரோல் பங்கைப் பார்த்தால் போட்டுக்கொள்ளுங்கள், பாதி டாங்க் இருந்தாலும். பெண்டிலிருந்து 20-ம் எண் நெடுஞ்சாலையில் வரும்போது இடையில் இருக்கும் பிரதர்ஸ், ஹாம்ப்டன், ரைலி எல்லாம் பெயர்ப்பலகைக்கு ஊர்கள். ஓரிகனில் 1951-லிருந்து பெட்ரோலை நீங்களே போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றமாக இருந்தது. 2018-ல் இந்தப் பக்கத்துக் கவுண்டிகளுக்கு விலக்கு கொடுத்தபோது, நகரத்து ஓரிகன்காரர்கள் ‘ஐயோ கையில் நாறுமே’ என்று இணையத்தில் புலம்பி, நாடே சிரித்தது. 2023-லிருந்து மாநிலம் முழுக்கவே போட்டுக்கொள்ளலாம்.

ஊருக்கு வெளியே நிலம் வாங்கலாமா? மலிவாக இருக்கிறதே.

மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. படத்தில் அழகாகத் தெரியும் 40 ஏக்கருக்குச் சாலை இருக்காது, மின்கம்பம் பல மைல் தள்ளி நிற்கும். மின்சாரம் இங்கே கூட்டுறவு அமைப்புகள் கொடுப்பது. லாபம் வராது என்று தனியார் கம்பெனிகள் கம்பி இழுக்காத காலத்தில், 1930-களின் நடுவிலிருந்து நாடெங்கும் கிராமத்தார் சேர்ந்து உண்டாக்கிய ஏற்பாடு. ஆனால் கடைசிக் கம்பத்திலிருந்து உங்கள் வீடு வரை இழுக்கும் செலவு உங்களுடையது. கழிவுக்கு செப்டிக் டேங்க், சூட்டுக்கு விறகும் புரொபேனும், இணையத்துக்கு இப்போது பலரும் செயற்கைக்கோள் வழியாக வரும் ஸ்டார்லிங்க். ஃபோன் சிக்னலை நம்பாதீர்கள்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். வீட்டு உபயோகத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம், பாசனத்துக்கு முடியாது. ஹார்னி படுகையில் குதிரை மசால் பயிருக்கு வட்டவட்டமாகச் சுற்றும் தெளிப்பான்கள் பெருகி, நிலத்தடியில் ஊறுவதைவிட இறைப்பது அதிகமாகிவிட்டது. 2010-களின் நடுவிலேயே மாநில அரசு பெரும்பகுதிக்குப் புது அனுமதியை நிறுத்தியது. 2022-ல் வந்த புவியியல் ஆய்வு, குறை ஆண்டுக்கு 1,10,000 ஏக்கர்-அடி என்றது (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி). அக்கம்பக்கத்தில் வீட்டுக் கிணறுகள் வற்றியிருக்கின்றனவா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அரசே முன்பு அனுமதி கொடுத்துவிட்டு இப்போது நிறுத்து என்கிறது என்று விவசாயிகள் பொருமுவதிலும் தப்பில்லை.

வேலை?

மாடு, உலர்புல், அரசு வேலை, ஆஸ்பத்திரி, பள்ளி. ஒரு காலத்தில் ஹைன்ஸ் ஊரே மரம் அறுக்கும் ஆலைக்காக உண்டானது, 1930-ல் தொடங்கிய அந்த ஆலை மூடியதிலிருந்து ஊர் முழுசாக எழுந்திருக்கவில்லை.

குளிர் தாங்குமா?

பர்ன்ஸ் 4,100 அடிக்கு மேல் இருக்கிறது. ஜனவரி இரவில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். ஜூலையில் பகலில் 32, 33 இருந்தாலும் விடியற்காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும், தக்காளிச் செடியை எந்த மாதத்திலும் உறைபனி கருக்கிவிடலாம். ஆண்டுக்கு மழை, பனி எல்லாம் சேர்த்து 10, 11 அங்குலம்தான். அதற்காக வெள்ளம் வராது என்று நினைக்க வேண்டாம், 2025 வசந்தத்தில் பனி வேகமாக உருகி சில்வீஸ் ஆறு பர்ன்ஸுக்குள் வந்துவிட்டது.

காட்டுத்தீ?

கோடையில் அதுதான் பேச்சே. 2012-ல் மில்லர் ஹோம்ஸ்டெட் தீ, 2024-ல் பர்ன்ஸுக்குப் பக்கத்தில் ஃபால்ஸ் தீ, இரண்டுமே 1,50,000 ஏக்கருக்கு மேல். தீயணைப்பு வண்டி வருவதற்குள் எல்லாம் போய்விடும் என்பதால், பண்ணைக்காரர்களே சங்கம் அமைத்து, பயிற்சி எடுத்து, தண்ணீர் டாங்க் ஏற்றிய டிரக்கையும் டோசரையும் ஓட்டிக்கொண்டு முதலில் போய் நிற்கிறார்கள். சம்பளம் இல்லை. அங்கே குடியேறினால் உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள், ஊரில் ஒருவராக ஆவதற்கு அதைவிடக் குறுக்குவழி இல்லை.

சுற்றிப் பார்க்க வந்தால் எப்போது வருவது?

பறவைக்கு ஏப்ரல். வயல்களில் பனி உருகித் தேங்கிய நீரில் வெள்ளை வாத்துகளும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் இறங்கும், பர்ன்ஸில் அப்போது பறவைத் திருவிழா நடக்கும். தொப்பிக்கு இறகு வேண்டுமென்று வெண்கொக்குகளைக் கொன்று குவித்ததைப் பார்த்துத்தான் 1908-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதைச் சரணாலயம் ஆக்கினார். ஸ்டீன்ஸ் மலைக்கு என்றால் ஜூலைக்குப் பிறகு வாருங்கள். 9,700 அடிக்கு மேல் உயரம், மேற்கே சரிவாக ஏறிப் போய் கிழக்கே செங்குத்தாக ஒரு மைல் கீழே ஆல்வர்ட் பாலைவனத்தில் விழும். 52 மைல் சுற்றுச்சாலை மண்ணும் சரளையும், வாடகைக் காரின் டயரை நம்பிப் போகாதீர்கள், உபரி டயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவே, அந்தக் காலத்துப் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர் பீட் ஃபிரெஞ்ச் கட்டிய வட்டக் கொட்டகையையும் பார்த்துவிடுங்கள், குளிர்காலத்தில் குதிரை பழக்க அவர் கட்டியது. நில எல்லைத் தகராறில் 1897-ல் ஒரு குடியேறி அவரைச் சுட்டுக் கொன்றார், ஜூரி அவரை விடுதலை செய்துவிட்டது.

ராத்திரியில் சாலையில் மாடு வந்து இடித்துவிட்டால் யார் பொறுப்பு?

பெரும்பாலும் நீங்கள். கவுண்டியின் பெரும்பகுதி ‘திறந்த மேய்ச்சல்’ நிலம், அங்கே மாட்டை அடைத்து வைக்கும் கடமை உரிமையாளருக்கு இல்லை. காரும் போய், மாட்டுக்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டி வரலாம். கறுப்பு ஆங்கஸ் மாடு கறுப்புத் தாரில் படுத்திருந்தால் முப்பது அடி வரை தெரியாது. காப்பீட்டில் விலங்கு மோதலுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இருட்டிய பிறகு மணிக்கு 55 மைலுக்கு மேல் போகாதீர்கள். மோதிவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், சிக்னல் இல்லையென்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள். யார் வந்தாலும் நிறுத்துவார்கள்.